வெளியே கைப்பிடி இல்லாத கதவு

இரவு செபம் முடிந்து விளக்குகள் அணைந்த பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

தட்டுகிற சத்தம் இல்லை. மணியும் இல்லை. ஒரு உள்ளங்கை மரத்தின் மேல் தேய்ந்து தேய்ந்து நகர்ந்தது. மேலே போயிற்று. கீழே வந்தது. நின்றது. மறுபடியும் தொடங்கியது.

அன்று வாசல் காவல் பெர்னதெத்துடையது. ஸ்டூலிலிருந்து எழுந்து கதவில் காது வைத்தாள். முழங்கால் உயரத்தில் இன்னொரு கையும் தேய்த்துக்கொண்டிருந்தது. அது மிகச் சின்னக் கை.

இரவு செபத்துக்குப் பிறகு மடத்தில் யாரும் பேசக் கூடாது. வாசலில் இருப்பவர் மட்டும் பேசலாம்.

"யாரு?"

கைகள் நின்றன.

"இந்தக் கதவுக்குக் கைப்பிடி எங்க இருக்கு?" என்று ஒரு பெண்குரல் கேட்டது. மூச்சு வாங்கியது.

"கைப்பிடி கிடையாதும்மா. நீங்க யாரு?"

"கௌசிகா. மேட்டுத் தெருவுல இருக்கேன். பாப்பாவும் கூட இருக்கா."

பெர்னதெத் தாழ்ப்பாளை விலக்கினாள்.

அந்த மடத்துக் கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை. சாவித் துவாரமும் இல்லை. மணிக்கயிறு ஒன்று தொங்கும். இருட்டில் புதியவர்களுக்கு அது தென்படாது. ஆயரே வந்தாலும் நின்று, பேர் சொல்லி, உள்ளே இருப்பவர் திறந்தால்தான் வர முடியும்.

மடத்தில் சேர்ந்த முதல் மாதமே பெர்னதெத் இதைப் பற்றிக் கேட்டிருந்தாள். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பதினேழு வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவள். துறவற வார்த்தைப்பாடு இன்னும் கொடுக்கவில்லை. அவளுக்குப் பயிற்சி கொடுக்கிற சிஸ்டர் சலேத் அவளைவிட எட்டு வயது இளையவர். குழாய் உடைந்தாலும் ஃபேன் நின்றாலும் மடத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"ஃபோன்ல திறக்கிற பூட்டு ஒண்ணு போட்டுடலாமே சிஸ்டர்? வெளிய போய்ட்டு வர்றவங்க எதுக்கு வெயில்ல நிக்கணும்?"

சிஸ்டர் சலேத் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"இந்த மடத்தை ஆரம்பிச்ச தாயார் ஒரு நாள் மழையில வந்து நின்னாங்க. காவலுக்கு இருந்தது முந்தின நாள் சேர்ந்த பொண்ணு. தாயாரோட குரல் அவளுக்குத் தெரியாது. திறக்கல."

"எவ்வளவு நேரம்?"

"விடியற வரைக்கும்."

"விடிஞ்சதும்?"

"தாயார் உள்ள வந்தாங்க. தலையைத் துவட்டினாங்க. அந்தப் பொண்ணை ஆயுசு முழுக்க வாசலுக்கே போட்டாங்க."

"தண்டனையா சிஸ்டர்?"

சிஸ்டர் சலேத் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார். சொட்டு நின்றிருந்தது.

கௌசிகா வந்த இரவு சிஸ்டர் சலேத் எழுந்து வந்தார். கௌசிகாவின் முகத்தைப் பார்த்தார். அடுக்களைக்குப் போய்ப் பால் சுட வைத்தார். தன் பாயையும் தலையணையையும் கொண்டுவந்து விருந்தினர் அறையில் விரித்தார்.

குழந்தைக்கு இரண்டு வயது. மிருதுளா என்று பேர். பால் குடித்து முடித்துக் கதவைப் பார்த்துக் கை நீட்டியது.

"கிர்ர்ர்... டக்," என்றது.

கௌசிகா அதன் வாயைப் பொத்தினாள்.

காலையில் பூசைக்கான அப்பம் வெட்டுகிற அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் குழந்தை, வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தது.

"வீடு எங்கம்மாவோடது சிஸ்டர். அம்மா போனதும் எனக்கு வந்துச்சு. கல்யாணம் ஆன புதுசுல அவர்தான் பழைய கதவை எடுத்துட்டு இதைப் போட்டார். இரும்புக் கதவு. பூட்டு உள்ளுக்குள்ளயே இருக்கு. ஃபோனைத் தொட்டா திறந்துக்கும்."

"இப்ப அவர் எங்க?" என்றார் சிஸ்டர் சலேத்.

"கோயம்புத்தூர்ல. கை நீட்டினார். நான் கோர்ட்டுக்குப் போனேன். வீட்டுப் பக்கமே வரக் கூடாதுன்னு ஆர்டர் ஆயிடுச்சு. அவரும் வரலை."

"அப்புறம் என்னம்மா?"

"கதவு திறக்குது சிஸ்டர்."

பெர்னதெத்தின் கையில் இருந்த அப்பம் இரண்டாக உடைந்தது.

"அவர் அங்க உட்கார்ந்து ஃபோனைத் தொடுவார். இங்க கிர்ர்னு ஒரு சத்தம். அப்புறம் டக். கதவு தானா வெளிய நகரும். யாரும் இருக்க மாட்டாங்க, தெரு மட்டும் தெரியும். நான் எழுந்து போய் சாத்துவேன். அரை மணி கழிச்சு மறுபடியும்."

"போலீஸ்ல சொன்னியா?"

"ஏட்டு ஒருத்தர் வந்தார். ஆள் வந்தானான்னு கேட்டார். வரலைன்னேன். கதவு திறந்ததுக்கு எந்த செக்‌ஷன்ல போடறதுன்னு என்னையே திருப்பிக் கேட்டார்."

"முட்டுக்கு ஏதாவது வச்சுப் பாத்தியா?"

"வாஷிங் மெஷினை இழுத்து வச்சேன். கதவு வெளிப்பக்கமா திறக்குது சிஸ்டர். மெஷின் பாட்டுக்கு உள்ள நின்னுட்டிருக்கு."

சிஸ்டர் சலேத்துக்குச் சிரிப்பு வந்தது. கௌசிகாவுக்கும் வந்தது. வந்த வேகத்தில் போயிற்று.

"பேட்டரியை எடுத்துட்டா?"

"எடுத்தா திறந்தே கிடக்கும். அப்படித்தான் செஞ்சிருக்காங்களாம்."

"உள்ள தாழ்ப்பாள்?"

"கிடையாது. போடக் கூடாதுன்னு அவங்க கொடுத்த புத்தகத்திலயே எழுதியிருக்கு. ரெண்டு ஆசாரிங்களைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். தொட்டா சைரன் அடிக்கும், வாரன்ட்டி போயிடும், நாளைக்கு உங்க வீட்டுக்காரர் வந்து சட்டையைப் பிடிச்சா யாரும்மா பதில் சொல்றதுன்னு போயிட்டாங்க." அவள் குழந்தையைப் பார்த்தாள். "நேத்து மூணு தடவை திறந்துச்சு. மூணாவது தடவை மிரு எழுந்து உட்கார்ந்து, கதவைப் பாத்து அப்பான்னு கூப்பிட்டா. அதுக்கு மேல என்னால அங்க இருக்க முடியல."

பெர்னதெத் உடைந்த அப்பத்தைத் தட்டில் வைத்தாள்.

"நான் சரி பண்றேன்," என்றாள் பெர்னதெத்.

சிஸ்டர் சலேத் அவளைப் பார்த்தார்.

"எனக்கு வழி தெரியும் சிஸ்டர். ஒரு காலை நேரம் போதும்."

"சரி," என்றார் சிஸ்டர் சலேத். அப்பம் வெட்டத் திரும்பிவிட்டார்.

வருகிறவர்கள் உட்காரும் அறையில், கௌசிகாவின் ஃபோனை வைத்துக்கொண்டு பெர்னதெத் உட்கார்ந்தாள். கம்பெனியின் உதவிப் பக்கம் திறந்தது. சிரித்த முகத்தோடு ஒரு நிலா எட்டிப் பார்த்தது.

"வணக்கம்! நான் நிலா. உங்கள் கதவு இன்று எப்படி இருக்கிறது?"

என் கதவை வேறொருவர் திறக்கிறார் என்று பெர்னதெத் எழுதினாள்.

"கதவு நன்றாகத் திறப்பதில் மகிழ்ச்சி! வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

மனிதரிடம் பேச வேண்டும் என்று எழுதினாள்.

"புரிந்தது! கதவின் நிறத்தை மாற்ற விரும்புகிறீர்களா?"

ஏழாவது தடவையில் நிலா இறங்கி வந்தது. எங்கள் நிபுணரிடம் இணைக்கிறேன், அதற்கு முன் உரிமையாளரின் எண்ணுக்கு வந்திருக்கும் ஆறு இலக்கங்களைச் சொல்லுங்கள் என்றது.

"அந்த உரிமையாளரைத்தானே மாத்தச் சொல்லிக் கேக்கறோம்!" பெர்னதெத் ஃபோனைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

"எப்பவும் இங்கதான் சிஸ்டர் வந்து நிக்கும்," என்றாள் கௌசிகா. "ஆறு நம்பரும் அவருக்குப் போகும். அவர் அதைப் படம் பிடிச்சு, நம்பரை மட்டும் அழிச்சுட்டு எனக்கு அனுப்புவார். கீழ ஒரு சிரிக்கிற பொம்மை போடுவார். இப்ப வரும் பாருங்க."

வந்தது.

பெர்னதெத் மடத்து ஃபோனை எடுத்துப் பழைய அலுவலக நண்பன் ஒருவனுக்குப் பேசினாள். அவன் முழுக்கக் கேட்டான்.

"அக்கா, பாவமாத்தான் இருக்கு. ஆனா நம்ம கம்பெனிக் கதவுக்கு அது நீங்க எழுதின விதி. யாராலயும் உடைக்க முடியாது, நானே வந்து கேட்டாலும் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே மீட்டிங்ல மேஜையைத் தட்டிச் சொன்னீங்க?"

"சொன்னேன்."

"எல்லாரும் கை தட்டினோம்க்கா."

அவள் ஃபோனை வைத்தாள்.

பிறகு புகார் கேட்கிற ஆணையத்தின் தளம். சிக்னல் விளக்கு உள்ள படங்களை எல்லாம் தொடச் சொன்னது. தொட்டாள். மறுபடியும் தொடச் சொன்னது. புகாரின் வகை எது என்று கேட்டது. பொருள் உடைந்தது, பொருள் தாமதமாக வந்தது, பொருள் வேலை செய்யவில்லை என்று மூன்று கட்டம் காட்டியது. பொருள் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் வேறொருவர் பேச்சைக் கேட்டு வேலை செய்கிறது என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. மூன்றாவதைத் தொட்டாள். நேரம் முடிந்தது, முதலிலிருந்து தொடங்கவும் என்றது. தொடங்கினாள். கடைசியில் பதினாலு இலக்கத்தில் ஒரு எண் கிடைத்தது. நாற்பத்தைந்து வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்று எழுதியிருந்தது.

"பரவால்லம்மா. நம்பர் கிடைச்சிடுச்சு."

"இது எனக்கு நாலாவது நம்பர் சிஸ்டர்," என்றாள் கௌசிகா.

பெர்னதெத் எழுந்து அப்ப அறைக்குப் போனாள். சிஸ்டர் சலேத் நிமிரவில்லை.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அந்தக் கதவுக்கு விதி எழுதினவ நான்."

"இது கேள்வி இல்லையே."

பெர்னதெத் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் ஒரே வாக்கியத்துல ஆரம்பிச்சுது சிஸ்டர். உரிமையாளர் ஒரு நாளும் தன் வாசலில் நிற்கக் கூடாது. முதல்ல பதியற நம்பர்தான் உரிமையாளர். அவரைக் கேக்காம எதையும் மாத்த முடியாது. பேட்டரி தீர்ந்தா திறந்துக்கணும். உள்ள தாழ்ப்பாள் இருக்கவே கூடாது, இருந்தா அவர் வெளிய நின்னுடுவாரே. நூத்திப் பன்னெண்டு சோதனை பண்ணிப் பாத்தோம். மழையில நிக்கிறவர், ரெண்டு கையிலயும் பை வச்சிருக்கிறவர், ஊருக்குப் போய்ட்டு நடுராத்திரி வர்றவர்..."

"உள்ள இருக்கிறவங்களை வச்சு எத்தனை?"

பெர்னதெத் யோசித்தாள்.

"ஒண்ணு. தீப்பிடிச்சா வெளிய ஓடறதுக்கு."

சிஸ்டர் சலேத் ஓர் அப்பத்தை வெட்டி எடுத்துத் தட்டில் வைத்தார்.

"இப்ப கேக்கறேன் சிஸ்டர். தப்பு யாரோடது? எழுதின என்னோடதா? அதை வித்துட்டுத் திரும்பிப் பாக்காத கம்பெனியோடதா? கட்டம் போட்டு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற சட்டத்தோடதா?"

சிஸ்டர் சலேத் கையைத் துடைத்தார். எழுந்தார். முன்வாசலுக்கு நடந்தார். பெர்னதெத் பின்னாலேயே போனாள். அவர் கதவைத் திறந்தார்.

"வெயில் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்க."

பெர்னதெத் படியில் இறங்கினாள். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

படி சுட்டது. அவள் திரும்பிக் கதவின் மேல் கை வைத்தாள். கைப்பிடி இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் கை மேலே போயிற்று. கீழே வந்தது. மரத்தில் உள்ளங்கை தேய்கிற சத்தம் கேட்டது. நேற்று இரவு கேட்ட அதே சத்தம்தான்.

அவள் கையை எடுத்தாள். தட்டினாள்.

"யாரு?"

சிஸ்டர் சலேத்தின் குரல் இல்லை. கௌசிகாவின் குரல்.

"யாது?" என்றது குழந்தையும்.

"பெர்னதெத்."

"என்ன வேணும்?"

"உள்ள வரணும்."

உள்ளே ஏதோ முணுமுணுப்பு.

"எதுக்குன்னு கேக்கச் சொல்றாங்க சிஸ்டர்."

"வேலை இருக்கு."

"என்ன வேலைன்னு..." கௌசிகா நிறுத்தினாள். "இல்ல, இதை நானே கேக்கறேன். என்ன வேலை?"

வெயில் பெர்னதெத்தின் கழுத்தில் இறங்கியது. தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. அது போகும்வரை காத்திருந்தாள்.

"உங்க வீட்டுக் கதவுல தாழ்ப்பாள் கூடாதுன்னு எழுதினது நான். முதல் நம்பர்தான் உரிமையாளர்னு எழுதினதும் நான்தான். எட்டு வருஷத்துக்கு முந்தி. அதுக்கு எனக்குப் பரிசு கொடுத்தாங்க."

உள்ளே சத்தம் இல்லை.

பிறகு காலடிகள் கதவை விட்டு விலகிப் போயின.

பன்னிரண்டு மணிக்கு மடத்து மணி அடித்தது. பெர்னதெத் படியில் உட்கார்ந்தாள். மறுபடி தட்டவில்லை. உள்ளே இருப்பவளுக்குத் திறக்கத் தோன்றாமல் போகலாம் என்று நினைத்தாள். அதுவும் சரிதான் என்று தோன்றியது. நிழல் ஒரு சாண் நகர்ந்தது.

காலடிகள் திரும்பி வந்தன.

"உங்களுக்கு ட்ரில் பிடிக்கத் தெரியுமா?" என்றது கௌசிகாவின் குரல்.

"தெரியாது."

"கத்துக்குவீங்களா?"

"கத்துக்கறேன்."

தாழ்ப்பாள் விலகியது. கௌசிகா ஒரு இடுப்பில் குழந்தையும் ஒரு கையில் மடத்து ட்ரில்லிங் மெஷினுமாக நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. சிரிக்கவில்லை.

"மன்னிச்சிடுன்னு சொல்ல வந்தீங்கன்னா அப்புறமா சொல்லுங்க. இருட்டறதுக்குள்ள போட்டாகணும்."

கடைத்தெருவில் பத்து அங்குலத்தில் கனமான தாழ்ப்பாள் ஒன்று வாங்கினார்கள். சிஸ்டர் சலேத் கடைக்காரரிடம் மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாலாவதை எடுத்தார். மேட்டுத் தெருவுக்கு நடந்தார்கள்.

வீட்டு வாசலில் கௌசிகாவின் கால் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு உள்ளே போனாள். வாஷிங் மெஷினை மூவரும் தள்ளி வைத்தார்கள்.

"ட்ரில்லை ரெண்டு கையாலயும் பிடிங்க," என்றார் சிஸ்டர் சலேத். "நெஞ்சோட அணைக்காதீங்க. குறி போட்ட இடத்துல நுனியை வைங்க. பயந்து அழுத்தினா வழுக்கும். மெதுவா."

பெர்னதெத் வைத்தாள். இரும்பில் முனை பட்டதும் கதவு பேசியது.

"எச்சரிக்கை. உங்கள் கதவு அனுமதியின்றித் தொடப்படுகிறது. உரிமையாளருக்குத் தகவல் அனுப்பப்பட்டது."

அதைத் தொடர்ந்து சைரன் அலறியது. குழந்தை அழத் தொடங்கியது. பெர்னதெத்தின் கை நின்றுவிட்டது.

"நான்தான்டா உரிமையாளர்," என்றாள் கௌசிகா கதவைப் பார்த்து. "இங்கதான் நிக்கறேன். நீங்க ஓட்டுங்க சிஸ்டர்."

பக்கத்து வீட்டுக்காரர் பனியனோடு ஓடிவந்தார். என்ன இது, மத்தியானம் மனுஷன் படுக்க வேண்டாமா என்று கத்தினார். இரண்டு சிஸ்டர்களையும் ட்ரில்லையும் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"சார், இந்த ஒயரைக் கொஞ்சம் பிடிங்க," என்றார் சிஸ்டர் சலேத்.

அவர் பிடித்துக்கொண்டார்.

கௌசிகாவின் ஃபோன் அடித்தது. பேரைப் பார்த்தாள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"என் கதவுல ஓட்டை போடறியாடி?"

"நீங்க பேசறது பதிவாகுது. வக்கீல் கேட்டிருக்கார். சொல்லுங்க."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

சைரன் பத்து நிமிஷத்தில் தானாக ஓய்ந்தது. முதல் துளை கோணலாக விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவது நேராக வந்தது.

பெர்னதெத் நெற்றியைத் துடைத்தாள்.

"இதோட முடியாது சிஸ்டர். நான் கம்பெனியை விட்டு வெளிய வர்றப்பவே லட்சம் வீட்டுக்கு மேல இந்தக் கதவு போயிடுச்சு. எல்லாத்துலயும் இதே விதிதான்."

"அப்ப என்ன பண்ணலாம்?"

"ஆணையத்துக்கு எழுதணும். எழுதினது நான்னு பேர் போட்டு எழுதணும். ஆனா வேலையை விட்டப்போ எதையும் வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். கோர்ட்டுக்கு இழுப்பாங்க. மடத்துக்கும் கெட்ட பேர்."

"இழுக்கட்டும். நம்ம கௌசிகா போகாத கோர்ட்டா?"

"அந்தப் படிவத்துல இதுக்குக் கட்டமே இல்லை சிஸ்டர்."

"வெள்ளைக் காகிதத்துல கட்டம் கிடையாது."

"இன்னைக்கே எழுதிடறேன்."

"ராத்திரி எழுதுங்க. இப்ப அந்தப் பெரிய ஸ்க்ரூவை எடுங்க."

பெர்னதெத் எடுத்தாள். ஒவ்வொன்றாக முறுக்கினாள். கடைசி ஸ்க்ரூவுக்குக் கௌசிகா கை நீட்டினாள். குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மணிக்கட்டில் நரம்பு தெரிய அதை அவளே முறுக்கினாள்.

தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார். ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டால் ஒரு குரல் கொடும்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னைக்கும் மடத்திலயே படுத்துக்கறியா?" என்றார் சிஸ்டர் சலேத்.

"இல்ல சிஸ்டர். எங்க வீட்ல படுக்கறேன்."

"பயமா இல்லையா?"

"இருக்கு," என்றாள் கௌசிகா. "நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க. நான் சாத்தணும்."

அவர்கள் வாசலில் இறங்கினார்கள். கதவு மூடியது.

அந்த நேரம் பார்த்துப் பூட்டுக்குள் மோட்டார் ஓடியது. கிர்ர்ர். டக். கதவு ஒரு விரல் அகலம் வெளியே வந்தது. இடைவெளியில் வீட்டு வெளிச்சம் கோடாக விழுந்தது.

"கிர்ர்... டக்," என்றது உள்ளே குழந்தை.

பெர்னதெத் கதவைத் தள்ளக் கை தூக்கினாள். சிஸ்டர் சலேத் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஒரு கை கதவை இழுத்தது. வெளிச்சக் கோடு மறைந்தது.

பெர்னதெத் மூடிய இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், இனிமே உரிமையாளர்னு பேர் போட்டுக்கிட்டு ஒருத்தர் வெளிய வந்து நின்னா என்ன ஆகும்?"

"நிப்பார்," என்றார் சிஸ்டர் சலேத்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.